ஏற்காட்டுல ஒரு வீக்எண்ட் முழுக்க ஒரே நடிகர்: ப்ரெண்டன் க்ளீசன் ஸ்டே எப்படி இருந்துச்சு

ஏற்காடுன்னா ஏரி ஓரமா ரூம், போட்டிங், பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், இறங்கி வர்றப்ப மிளகும் காபித்தூளும் ரெண்டு பொட்டலம், இது போதும்னு நெனைக்கறவங்களுக்கு இந்த ஸ்டே சரிப்படாது, முதல்லயே சொல்லிடறேன். மொத்தம் அஞ்சே ரூம். மெயின் ரோட்டுலருந்து காபித் தோட்டத்துக்குள்ள கொஞ்ச தூரம் போகணும், ரூம்ல டிவி கிடையாது. ஆனா காபிக்கொட்டை மூட்டை அடுக்கற பழைய குடோன் ஒண்ணுக்கு வெள்ளையடிச்சு, ப்ரொஜெக்டர் மாட்டி, இருபது பேர் உக்கார்ற மாதிரி சின்ன சினிமா ஹாலா மாத்தி வெச்சிருக்காங்க. மாசம் ஒரு வீக்எண்ட் ஒரே ஒரு நடிகர எடுத்துக்குவாங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவரோட படங்கள வரிசையா போட்டு, நடுவுல உக்காந்து பேசி, சோறு போட்டு அனுப்பறாங்க. இத ஒரு சர்வீஸா தமிழ்நாட்டுல வேற எங்கயும் நான் பாக்கல. ஆளுக்கு 4,800 ரூபா, ரெண்டு ராத்திரி, எல்லா வேளை சாப்பாடும் சேத்து, குழந்தைங்களுக்குப் பாதி.

நாங்க போன வாட்டி அயர்லாந்து நடிகர் ப்ரெண்டன் க்ளீசன். பேர் சொன்னா உடனே தெரியாம இருக்கலாம், மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் தெரியும். ஹாரி பாட்டர்ல ஒரு கண்ணு மட்டும் தனியா சுத்திக்கிட்டே இருக்குமே, மேட்-ஐ மூடி, அவர்தான். ப்ரேவ்ஹார்ட்ல மெல் கிப்சன் கூடவே வர்ற அந்த பெரிய உடம்புக்கார சிநேகிதன் ஹேமிஷும் அவர்தான். நானும் அவ்வளவுதான் தெரிஞ்சு போனேன். வீட்டுக்காரர், பையன், எங்க அத்தை, நான், நாலு பேரும் சேலத்துலருந்து கார்ல போனோம், அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல போய்ச் சேரும்போது இருட்டி பனி இறங்கிடுச்சு, தோட்டத்துக்குள்ள திரும்பற இடத்துல ஒரு போர்டு கூட இல்ல, போன் பண்ணி டார்ச்சோட ஆள் வந்து கூட்டிட்டுப் போனாங்க. அந்த போர்டு ஒண்ணு வைங்க சார் ப்ளீஸ்.

ஓனர் சார் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். எதுக்கு இந்த நடிகர்னு கேட்டதுக்கு, "அவரும் சாக்பீஸ் புடிச்ச ஆளுங்க, அதான்"னு சொன்னார். அதுக்கப்புறம் அவர் சொன்ன கதைதான் இந்த வீக்எண்டுக்கே முதுகெலும்பு. க்ளீசன் 1955ல டப்ளின்ல பொறந்தவர், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துல ஐரிஷும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்துக்கிட்டு, சாயந்திரமும் லீவு நாள்லயும் நாடகம் போட்டுக்கிட்டு இருந்தவர். அவர் சேந்திருந்த குழு பேரு பேஷன் மெஷின், 1984ல பால் மெர்சியர்ங்கறவர் முன்னால நின்னு ஆரம்பிச்சது. பெரிய அரண்மனைக் கதை, ராஜா ராணி எதுவும் இல்ல, டப்ளின்ல சாதாரண தெருவுல இருக்கற பசங்க, கால்பந்து, வேலை இல்லாத திண்டாட்டம், வீட்டுச் சண்டை, இத அந்த ஊர் பேச்சுலயே மேடையில போட்டாங்க, அதுவரைக்கும் நாடகம் பக்கமே வராத ஜனங்க வந்து பாத்தாங்க. மெர்சியரும் வாத்தியார்தான். பின்னாடி 1993ல நாவலுக்கான புக்கர் பரிசு வாங்குன ரோடி டாய்ல் இருக்காரே, அவரும் வாத்தியார், அவரோட முதல் நாடகத்தையும் மேடையேத்துனது இதே குழுதான். அந்தக் குழுவுக்கு க்ளீசன் நடிச்சது மட்டும் இல்லாம நாடகம் எழுதவும் செஞ்சிருக்கார். 1991ல, நடு முப்பதுகள்ல, வீட்டுல சின்னப் பசங்கள வெச்சுக்கிட்டு, மாசச் சம்பள வேலைய விட்டுட்டு முழுநேரமா நடிக்க வந்தார். சேலத்துல வீட்டுக்கு ஒரு வாத்தியார் இருப்பாங்க, வாத்தியார் வேலைய விட்டுட்டு நடிக்கப் போறேன்னு ஒருத்தர் வீட்டுல வந்து சொன்னா என்ன நடக்கும்னு ஹால்ல இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அத்தை உடனே ஆர்.எஸ்.மனோகரப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நாமக்கல்ல பொறந்தவர், அப்ப நாமக்கல் சேலம் ஜில்லாதானே, தபால் இலாகாவுல வேலை பாத்துட்டு நடிக்க வந்தவர், சினிமாவுல அத்தனை வில்லன் வேஷம் கட்டிட்டும் நேஷனல் தியேட்டர்ஸ்னு சொந்தமா நாடகக் குழு வெச்சு இலங்கேஸ்வரன் போட்டவர். அத்தை சின்ன வயசுல அந்த நாடகம் பாத்திருக்காங்க, மேடையில தந்திரக் காட்சி வர்றப்ப பயந்து அவங்க அப்பா மடியில ஏறிக்கிட்டாங்களாம். ஓனர் சாருக்கு சந்தோஷம் தாங்கல. ஏற்காடு ரோட்டுலயே மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவோட வளைவு நிக்குது, டி.ஆர்.சுந்தரம் காலத்துல அதுக்குள்ள வேலை பாத்த நடிகருங்க பாதிப்பேர் நாடகக் கம்பெனியிலருந்து வந்தவங்க, அதனால மேடையிலருந்து திரைக்குப் போற இந்தப் பாதைய சேலத்துக்காரங்களுக்கு யாரும் புதுசா சொல்லித் தர வேண்டியதில்ல.

வெள்ளி ராத்திரி போட்டது த ஜெனரல், 1998, ஜான் பூர்மன் எடுத்தது. டப்ளின்ல நெஜமா இருந்த மார்ட்டின் காஹில்ங்கற கொள்ளைக்காரன் கதை, 1994ல சுட்டுக் கொன்னுட்டாங்க அவன. அந்தக் காஹில், டைரக்டர் பூர்மன் வீட்டுலயே திருடி அவருக்குக் கிடைச்ச தங்க இசைத்தட்ட தூக்கிட்டுப் போனவன், படத்துலயும் அந்த சீன் வெச்சிருக்கார் மனுஷன். கருப்பு வெள்ளைப் படம், கேன்ஸ்ல பூர்மனுக்கு சிறந்த டைரக்டர் விருது. க்ளீசனுக்கு அப்ப வயசு நாப்பது தாண்டியாச்சு, அதுதான் அவர ஊர் உலகம் ஹீரோவா திரும்பிப் பாத்த படம். கேமராவ பாத்ததும் கைய விரிச்சு மூஞ்சிய மூடிக்கிட்டு விரல் இடுக்குல பாப்பான் பாருங்க, அந்த உடம்பு, அந்தத் தொப்பை, அந்த நடை, இத்தனை பெரிய ஆளு சட்டுனு ஒரு வால்பையன் மாதிரி தெரியறார். அவன் கெட்டவன்தான், சொந்த ஆளையே ஆணி அடிச்சு விசாரிக்கறவன், ஆனா அடுத்த சீன்ல அவனோட சேந்து நாம சிரிக்கறோம், சிரிச்சது நமக்கே உறுத்துது. இந்தப் படத்த பசங்களோட பாக்காதீங்க, பையன அத்தையோட ரூமுக்கு அனுப்பிட்டோம், இத முன்னாடியே மெசேஜ்ல சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில இன் ப்ரூஜ், 2008. மார்ட்டின் மெக்டோனா, நாடகம் எழுதிப் பேர் வாங்குன ஆளு, அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. அதுக்கு முன்னாடி சிக்ஸ் ஷூட்டர்னு ஒரு குறும்படம் எடுத்தார், அதுலயும் க்ளீசன்தான், ஆஸ்கர் வாங்குச்சு. இன் ப்ரூஜ்ல காசுக்குக் கொலை பண்ற ரெண்டு பேர், க்ளீசனும் காலின் ஃபாரலும், ஒரு அழகான பழைய பெல்ஜியம் ஊர்ல ஒளிஞ்சிருக்காங்க. துப்பாக்கி சீன் எல்லாம் விடுங்க, அந்த போன் சீன் ஒண்ணு இருக்கு. ஹோட்டல் ரூம்ல க்ளீசன் மட்டும், அந்தப் பக்கம் முதலாளி ரேல்ஃப் ஃபைன்ஸ் குரல் மட்டும், ரூம்ல இல்லாத ஃபாரல வெளிய அனுப்பற மாதிரி கதவத் தொறந்து மூடி நடிச்சுக்கிட்டே பேசறார், முதலாளி என்ன வேலை சொல்றான்னு கேக்கக் கேக்க மூஞ்சி மாறுது, கேமரா அவர விட்டு நகரவே இல்ல. ஓனர் சார் அந்த இடத்துல படத்த நிறுத்தி மறுபடியும் போட்டார். ஒரு ஆளு, ஒரு ரூம், கையில ஒரு போன், இது சுத்தமான மேடை நடிப்பு, ஆனா மேடையில கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி செய்யறத இங்க கண்ணுக்குக் கீழ ஒரு சதை அசையறதுல செய்யறார். நடுவுல நிறுத்திப் பேசறது சில பேருக்குப் புடிக்கல, ஏலகிரியிலருந்து வந்திருந்த ஒரு ஜோடி முணுமுணுத்தாங்க. எனக்கு அதுதான் காசு குடுத்ததுக்கு உண்டான விஷயம், நிறுத்தாம பாக்கணும்னா வீட்டுலயே பாத்துக்கலாமே.

மத்தியானம் பசங்களுக்காக பேடிங்டன் 2, 2017ல வந்தது. ஜெயில்ல எல்லாரும் பயப்படற சமையல்காரன் நக்கில்ஸ் மெக்கின்டியா க்ளீசன், பேடிங்டன்ங்கற கரடிக்குட்டி மார்மலேட் செய்யக் கத்துக்குடுத்ததும் உருகிப் போறார். என் பையன் உட்பட ஹால்ல இருந்த வாண்டுங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அக்கா, அதாவது ஓனர் சார் வீட்டம்மா, தோட்டத்து ஆரஞ்சுலயே மார்மலேட் போட்டு பன்னுல தடவி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. சாப்பாட்டப் பத்தி ஒரேடியா இங்கயே சொல்லிடறேன், பச்சை மிளகு போட்ட கோழி வறுவல், மிளகு ரசம், ராத்திரி சூடா இட்லி, தோட்டத்துக் காபி, எதுலயும் குறை இல்ல. படத்துக்கு நடுவுல நொறுக்க பாப்கார்ன் கிடையாது, சேலத்துலருந்து தட்டுவடை வரவழைச்சு செட்டு போட்டுத் தர்றாங்க, இருட்டுல கடிக்கறப்ப பக்கத்துல இருக்கறவங்களுக்கு டயலாக் கேக்காது, அத இடைவேளையில மட்டும் குடுக்கலாம்.

சனி சாயந்திரம் கால்வரி, 2014. எனக்கு இந்த வீக்எண்ட்ல மனச விட்டுப் போகாத படம் இதுதான். ஸ்லைகோ பக்கம் ஒரு கடலோர ஊர்ப் பாதிரியார், பாவமன்னிப்புக் கூண்டுல உக்காந்திருக்கார், மறுபக்கம் மூஞ்சி தெரியாத ஒருத்தன், சின்ன வயசுல தன்ன ஒரு பாதிரியார் சீரழிச்சத சொல்லிட்டு, தப்பு பண்ணாத உன்னைத்தான் கொல்லப்போறேன், அடுத்த ஞாயித்துக்கிழமை, ஒரு வாரம் டைம்னு சொல்றான். படமே இப்படித்தான் தொடங்குது. அந்த சீன் முழுக்க நமக்குக் காட்டறது க்ளீசன் மூஞ்சி மட்டும். அவருக்கு அதுல பேச்சு ரொம்பக் கம்மி, கேக்கறார், அவ்வளவுதான். நடிக்கறதுன்னா பேசறதுன்னு நாம நெனைச்சுக்கிட்டு இருக்கோம், எதிர்ல இருக்கறவன் பேசறத முழுசா கேக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு அங்க தெரிஞ்சுது. ஓனர் சார் அதுக்கு சொன்ன காரணம் எனக்கு சரின்னு பட்டுச்சு: "வகுப்புல நாப்பது பசங்க, யாரு பொய் சொல்றான், யாரு சாப்பிடாம வந்திருக்கான்னு மூஞ்சியப் பாத்தே படிக்கணுங்க, அத பத்து வருஷம் பண்ணுன கண்ணு அது." நடிப்புப் பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தா இது வந்திருக்குமோ வந்திருக்காதோ, லேட்டா வந்துட்டார்னு பாவம் பாக்க ஒண்ணுமே இல்லன்னு எனக்குத் தோணுச்சு, அந்த வருஷம் எல்லாம் இந்த மூஞ்சிக்குள்ளதான் போயிருக்கு. அதே படத்துல ஜெயில்ல இருக்கற கொலைகாரன பாதிரியார் போய்ப் பாப்பார், கொலைகாரனா வர்றது அவரோட சொந்தப் பையன் டோனல் க்ளீசன். அப்பாவும் மகனும் எதிர் எதிரா உக்காந்து அந்தப் பேச்சு பேசறத பாக்க ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இதே அப்பாவும், டோனலும், இன்னொரு மகன் ப்ரையனும் மூணு பேருமா 2015 ஜனவரியில டப்ளின் ஒலிம்பியா தியேட்டர்ல எண்டா வால்ஷ் எழுதுன த வால்வொர்த் ஃபார்ஸ் நாடகத்துல நடிச்சாங்க. லண்டன்ல ஒரு ஃப்ளாட்டுக்குள்ள அப்பன் ரெண்டு மகனுங்களையும் அடைச்சு வெச்சு, தினமும் ஒரே கதைய நாடகமா நடிக்க வெக்கறான், அந்தக் கதை முழுக்க அவன் பண்ணுன தப்ப மூடி மறைக்கறதுக்குன்னு போகப் போகத் தெரியும். நெஜ அப்பா, நெஜ மகனுங்க அத நடிச்சிருக்காங்கன்னா அந்த டிக்கெட்டுக்கு டப்ளின்ல இருந்தவங்க கொடுத்து வெச்சவங்க. மேடை நடிப்புல இருக்கற வருத்தமே இதுதான், அன்னிக்கு அங்க இருந்தவனுக்கு மட்டும் சொந்தம், மத்தவங்களுக்குக் கேள்விதான். இந்த இடத்துல இந்த ஸ்டே பண்ணுன ஒரு காரியத்துக்காக மட்டுமே நான் திரும்பிப் போவேன், அத சொல்றேன்.

சனி ராத்திரி படம் இல்ல. குடோன் கதவத் தொறந்து வெச்சு, வெளிய கணப்பு மூட்டி, த வியர் நாடகத்த தமிழ்ல வாசிச்சாங்க. கானர் மெக்பெர்சன் எழுதி 1997ல லண்டன் ராயல் கோர்ட் மூலமா முதல்ல போட்ட நாடகம். அயர்லாந்துல ஒரு ஒதுக்குப்புறமான கிராமம், காத்தடிக்கற ராத்திரி, ஒரு சின்ன பார், உள்ளூர் ஆம்பளைங்க, டப்ளின்லருந்து புதுசா குடி வந்த ஒரு பொண்ணு. அவளுக்குக் கேக்கட்டும்னு ஆளாளுக்குப் பேய்க் கதை சொல்றாங்க, கடைசியில அவ தன்னோட சொந்தக் கதைய சொன்னதும் எல்லாரும் வாயடைச்சுப் போறாங்க. இதுல ஜேக்னு ஒரு வயசானவர் வேஷம், கராஜ் வெச்சிருக்கறவர், கல்யாணம் ஆகாத கட்டை. அந்த வேஷத்ததான் க்ளீசன் 2025 ஆகஸ்ட்ல டப்ளின்லயும், அப்புறம் லண்டன் வெஸ்ட் எண்ட்லயும் நடிச்சார், மெக்பெர்சனே டைரக்ஷன். வால்வொர்த் ஃபார்ஸுக்கு அப்புறம் பத்து வருஷம் கழிச்சு மேடை, வெஸ்ட் எண்ட்ல அதுதான் அவருக்கு முதல் தடவை, அப்ப வயசு எழுபது. ஜெனரல்ல கூட நடிச்ச ஷான் மெக்கின்லியும் அதே மேடையில இருந்தார். எழுபது வயசுல, ஆஸ்கர் வரைக்கும் பேர் போனவர், ராத்திரி ராத்திரி ஒரே வசனத்த புதுசா சொல்ல மேடைக்குத் திரும்பி வர்றார், சும்மா இல்ல அது.

ஓனர் சார்தான் ஜேக்கோட பகுதிய வாசிச்சார், அக்கா அந்தப் பொண்ணோடத. ரெண்டு பேரும் நடிகர் இல்ல, தாளப் பாத்துதான் வாசிச்சாங்க, ஆனா சில்வர் ஓக் மரத்துல பனி சொட்டற சத்தம், கணப்புப் புகை, சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டு எல்லாரும், வேற என்ன மேடை வேணும். ஜேக் கடைசியில சொல்றது பேய்க் கதையே இல்ல, கல்யாணம் பண்ணியிருக்க வேண்டிய பொண்ண விட்டுட்டு, அவ கல்யாணத்துக்கே போய் நின்னுட்டு, நொந்துபோய் ஒரு பாருக்குள்ள நுழைஞ்சப்ப முன்னப் பின்ன தெரியாத பார்க்காரர் ஒருத்தர் எதுவும் கேக்காம ஒரு சாண்ட்விச் பண்ணிக் குடுத்தத சொல்றார். அவ்வளவுதான் அந்தக் கதை. அத்தை அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் வந்தவங்களும் அவங்கவங்க கதைய சொல்ல ஆரம்பிச்சாங்க, காட் ரோட்டுல ராத்திரி வண்டி ஓட்டற டிரைவர் அண்ணா ஒருத்தர் சொன்னதுக்கு என் பையன் என் கைய விடவே இல்ல, மணி பன்னெண்டு தாண்டியும் யாரும் ரூமுக்குப் போகல.

ஞாயித்துக்கிழமை காலையில த பேன்ஷீஸ் ஆஃப் இனிஷெரின், 2022. மறுபடி மெக்டோனா, மறுபடி ஃபாரல். 1923, அயர்லாந்து பக்கத்துல ஒரு தீவு, நேத்து வரைக்கும் தினமும் ஒண்ணா குடிச்ச சிநேகிதன்கிட்ட க்ளீசன் இனிமே உன்கூட பேசமாட்டேன்னு சொல்லிடறார், சண்டை இல்ல சச்சரவு இல்ல, மிச்சம் இருக்கற காலத்துல நல்லதா ஒரு பாட்டு பண்ணணுமாம். தண்ணிக்கு அந்தப் பக்கம் உள்நாட்டுப் போர் குண்டு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். படத்துல ஃபிடில் வாசிக்கறது நெஜமாவே அவர்தான், அந்தப் பேன்ஷீஸ் மெட்டும் அவரே போட்டது. 9 ஆஸ்கர் நாமினேஷன், க்ளீசனுக்கு துணை நடிகர்ல ஒண்ணு, கடைசியில ஒண்ணு கூட கையில வரல. எனக்கு அவர் பக்கம் நியாயம் இருக்கற மாதிரியே தெரியல, வீட்டுக்காரர் அவர் பக்கம், இறங்கி வர்ற வழியெல்லாம் இதே பேச்சு.

லிஸ்ட்ல விட்டுப்போனதுல எனக்கு ஒரு பெரிய குறை. 1991ல த ட்ரீட்டிங்கற டிவி படத்துல க்ளீசன் மைக்கேல் காலின்ஸா நடிச்சார், அயர்லாந்து விடுதலைக்காக பிரிட்டிஷ்காரன எதிர்த்து சண்டை போட்டு 1921 டிசம்பர்ல லண்டன்ல ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட தலைவர். 2009ல இன்ட்டு த ஸ்டார்ம்ல சர்ச்சிலா நடிச்சு டிவிக்குக் குடுக்கற எம்மி விருது வாங்குனார். அந்த ஒப்பந்த மேசையில எதிர்ப்பக்கம் கையெழுத்து போட்டவங்கள்ல சர்ச்சிலும் ஒருத்தர்! ஒரே ஆளு மேசைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கார், இந்த ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் காட்டியிருந்தா எப்படி இருந்திருக்கும். சார்கிட்ட சொன்னேன், த ட்ரீட்டி டிஸ்க் கிடைக்கலன்னு வருத்தப்பட்டார். அதோட வரிசைப்படி த வியர் கடைசியா வந்திருக்கணும், நாடகம் வாசிக்க ராத்திரிதான் சரின்னு நடுவுல வெச்சுட்டாங்க, வெள்ளிக்கிழமைய விட்டுட்டு சனி ராத்திரி, ஞாயிறு ராத்திரின்னு வெச்சா சரியா அமையும், ஆபீஸ் போறவங்களுக்கு லீவு கிடைக்காதுங்கறது வேற விஷயம்.

மத்த குறைங்க: சுவர்ல எதிரொலி அடிக்குது, அயர்லாந்து இங்கிலீஷ் ஏற்கனவே வேகம், அதனால சப்டைட்டில் பாத்துதான் ஆகணும், ஆனா சப்டைட்டில் கீழ்விளிம்புல விழறதால முன்னாடி உயரமான ஆளு உக்காந்தா காலி. திரைய ஒரு அடி தூக்குங்க, பின்சுவர்ல சாக்கு தொங்கவிடுங்க. வயசானவங்களுக்கு அந்த மரநாற்காலி ரெண்டு மணி நேரம் தாங்காது, அத்தைக்கு தலகாணி கேட்டு வாங்குனோம். சுடுதண்ணி காலையில 6லருந்து 8 வரைக்கும்தான். ரூம்ல செல் டவர் சுத்தமா கிடையாது, எனக்கு அது நிம்மதி.

போறவங்களுக்கு: ஸ்வெட்டர் கண்டிப்பா, பனியில மேல ஏறப் பயமா இருந்தா வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்துலருந்து கிளம்பிடுங்க, எந்தப் படம் எந்த வயசுக்குன்னு முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க. அடுத்து ஃபியோனா ஷா போடப்போறதா சார் சொன்னார், கார்க் ஊர்க்காரங்க, ஹாரி பாட்டர் பெரியம்மாவா வர்றவங்க, மேடையில ஷேக்ஸ்பியரோட ரெண்டாம் ரிச்சர்ட் ராஜாவாவே நடிச்சவங்க. அத்தை அதுக்கும் பேர் குடுத்துட்டு வந்துட்டாங்க, இந்த வாட்டி ஸ்டேஜ் பக்கத்து முதல் வரிசை வேணும்னு சொல்லி.